ஃபைல் பழுதாகவில்லை, மெமரிதான் போதவில்லை: ஏழாவது முறை திறக்கும் புகார் டிக்கெட்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர், பேக்கப் மென்பொருள் நிறுவனம்

பொருள்: விர்ச்சுவல் மெஷின் பேக்கப்பில் ஹெல்த் செக் தொடர்ந்து தோல்வி

ஐயா / அம்மா,

வணக்கம். காரணத்தைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று கேட்டு இதை எழுதவில்லை. அதைப் பிரச்சினை வந்த இரண்டாம் வாரமே நாங்கள் அனுப்பிவிட்டோம். தயவுசெய்து ஒருமுறை படியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எடுத்த பேக்கப் நல்ல நிலையில் உள்ளதா என்று சோதிக்கும் ஹெல்த் செக் பாதியில் நின்று "பேக்கப் ஃபைல் சிதைந்துள்ளது" என்றது. அதே நிமிடத்தில் பேக்கப்பைச் சேமிக்கும் ரெபாசிட்டரி சர்வரின் கர்னல் லாகில் (இயங்குதளத்தின் பதிவேட்டில்) "அவுட் ஆஃப் மெமரி" என்ற வரி. மெமரி இல்லாமல் இயங்குதளத்தால் கொல்லப்பட்டது உங்கள் மென்பொருளின் ஏஜென்ட் புராசஸ். கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு ஜாபின் (பேக்கப் வேலையின்) பேக்கப் 12 டிபி, அதைப் பிரிக்கும் துண்டான பிளாக் 256 கேபி. ஐந்து கோடிக்கு மேல் பிளாக். ஒவ்வொன்றுக்கும் 32 பைட் ஹாஷ் (உள்ளடக்கத்தைச் சரிபார்க்க உதவும், கைரேகை போன்ற எண்) என்றால் ஹாஷுக்கு மட்டுமே 1.5 ஜிபி ராம். அப்படி நான்கு ஜாப் ஒரே இரவில் ஓடினால் 6 ஜிபி. சர்வரில் அப்போது இருந்ததே 8 ஜிபி. மீதியில் இயங்குதளமும் ஓட வேண்டும், பிளாக்குகளின் இட விவரமும் அடங்க வேண்டும். எப்படி அடங்கும்?

இதைச் சொன்னதற்கு உங்கள் பொறியாளர், "உங்க டிஸ்க் செத்துப்போச்சு, லாக் படிக்கத் தெரிஞ்சவரைப் பேசச் சொல்லுங்க" என்று லைனைத் துண்டித்தார். அந்த லாகை எடுத்து அனுப்பியதே நாங்கள்தான்! டிஸ்க் சோதனையில் ஒரு பிழைகூட இல்லை. ஆனாலும் அவர் சொன்னபடி பழைய செயினை (முந்தைய பேக்கப்புகளின் தொடரை) அழித்து முழு பேக்கப் எடுத்தோம். 31 மணி நேரம். அடுத்த ஹெல்த் செக்கும் அதே இடத்தில் விழுந்தது. நல்ல நிலையில் இருந்த மூன்று மாத ரெஸ்டோர் பாயின்டுகள் (திரும்பப் பெறக்கூடிய பழைய நிலைகள்) போயே போய்விட்டன. இந்த இழப்புக்கு உங்கள் லைசென்ஸ் தொகையைப் பத்து மடங்காகத் தந்தாலும் ஈடாகாது.

ஸ்வாப் (ராம் போதாதபோது மெமரியாகப் பயன்படும் டிஸ்க் இடம்) 8 ஜிபி கூட்டச் சொன்னார் உங்கள் பொறியாளர் இன்னொருவர். புராசஸ் சாகவில்லை, உண்மை. ஆனால் 5 மணி நேர வேலை 22 மணி நேரம் இழுத்து, மறுநாள் பேக்கப் நேரத்தையும் விழுங்கியது.

கடைசியில் நாங்களே சரிசெய்தோம். ஒரே நேர டாஸ்க் எண்ணிக்கையை 4லிருந்து 1 ஆக்கினோம், ஒவ்வொரு ஜாபின் ஹெல்த் செக்கையும் வேறு வேறு இரவுக்கு மாற்றினோம், ராமை 16 ஜிபி ஆக்கினோம். பிளாக்கை 1 எம்பி ஆக்கினால் ஹாஷ் கணக்கு நான்கில் ஒரு பங்காகும். ஆனால் அடுத்த முழு பேக்கப்புக்குப் பிறகுதான் அது நடைமுறைக்கு வரும் என்பதை உங்கள் ஆள் ஒருவர்கூடச் சொல்லவில்லை. "லாக் படிக்கத் தெரிஞ்சவர்" இதைச் சொல்லியிருக்கலாமே!

மெமரி கிடைக்காத பிழையை மெமரி பிழை என்றே காட்டுங்கள். "சிதைந்தது" என்று பார்ப்பவர் நல்ல பேக்கப்பை அழித்துவிடுவார். எங்களுக்கு நடந்தது அதுதான். செக் தொடங்கும் முன் காலி ராமைப் பார்த்து, போதாவிட்டால் தொடங்காமல் எச்சரிக்கட்டும். பிளாக் அளவுக்கு எவ்வளவு ராம் வேண்டும் என்ற அட்டவணையையும் கையேட்டில் சேருங்கள்.

உங்கள் நேரத்தை மதிக்கிறேன். ஆனால் ஏழு வேலை நாட்களுக்குள் எழுத்துபூர்வ பதில் வராவிட்டால் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம். டிக்கெட் வரலாறு முழுவதும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகும். கர்னல் லாகும் ஜாப் லாகும் மீண்டும் இணைத்துள்ளேன். அந்தப் பொறியாளரை மட்டும் இனி எங்களை அழைக்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
பேக்கப் நிர்வாகி