முதியோர் வார்டில் வேலைக்குச் சேர்ந்த மகளுக்கு

கொழிஞ்சாம்பாறை

கண்ணு,

திருச்சூரில் உன்னை முதியோர் வார்டில் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். புத்தகத்தில் படித்த அடையாளங்களை மட்டும் நம்பினால் வயசானவர்களிடம் நோய் தப்பிவிடும். நிமோனியா இருக்கும், இருமல் இருக்காது. மூத்திரத்தில் கிருமி இருக்கும், எரிச்சல் சொல்ல மாட்டார்கள். அவர்களுடைய வழக்கமான உடல்சூடே குறைவு. அதிலிருந்து 2 டிகிரி பாரன்ஹீட் கூடினாலே காய்ச்சல் என்று எடுத்துக்கொள்.

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று உளறினால், 'வயசாச்சு' என்று விட்டுவிடாதே. சத்தம் போடுபவரை எல்லாரும் கவனிப்பார்கள். பேசாமல் தூங்கிக்கொண்டே கிடப்பவருக்கும் அதே குழப்பம் இருக்கலாம், அவரைத்தான் நீ பார்க்க வேண்டும். முதலில் ஆக்சிஜன் அளவையும் சர்க்கரை அளவையும் பார். பிறகு அடிவயிற்றைத் தொட்டு மூத்திரம் கட்டியிருக்கிறதா பார், வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு என்று கேள். வீட்டிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பையைக் கட்டாயம் பிரி. அரிப்புக்கென்று கடையில் வாங்கிய அவில் மாத்திரைகூடப் புத்தியைக் குழப்பி மூத்திரத்தைக் கட்டிவிடும்.

நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பாட்டிமார் வந்தால் தமிழிலேயே பேசு. மலையாளத்தில் வேகமாகக் கேட்டு, பதில் பிசகினால் அதையும் குழப்பம் என்று எழுதிவிடுவார்கள். கண்ணாடியை மாட்டி, காது மெஷினை வைத்து, முகத்துக்கு நேரே நின்று தணிந்த குரலில் கேள். கீச்சுக் குரல்தான் அவர்களுக்கு முதலில் கேட்காமல் போகிறது.

புறங்கைத் தோலைக் கிள்ளி நீர்ச்சத்தைப் பார்க்காதே, வயசான தோல் எப்படியும் மெதுவாகத்தான் இறங்கும். நாக்கையும் மூத்திரத்தின் நிறத்தையும் பார். தாகமே தெரியாது அவர்களுக்கு, நீயாகக் கொடுக்க வேண்டும்.

தலைசுற்றல் என்றால் 5 நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பார்; நிற்கவைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி பார். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் டாக்டரிடம் சொல், தனியாக பாத்ரூமுக்கு அனுப்பாதே.

படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் திருப்பிப் படுக்க வை, ஆனால் முழுசாக ஒருக்களிக்க வேண்டாம், இடுப்பெலும்பில் பாரம் விழும். 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்காலுக்கடியில் தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கி விடு. சிவந்த இடத்தை விரலால் அழுத்து. வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது, அங்கே தேய்க்கவே கூடாது. கட்டிலின் தலைப்பக்கத்தை அதிகம் உயர்த்தினால் உடம்பு கீழே வழுக்கி முதுகடியில் தோல் இழுபடும். சோறு கொடுக்கும்போதோ நிமிர்த்தித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். அதனால் சாப்பிட்டு அரை மணி கழித்துத் தாழ்த்திவிடு.

மூத்திரக் குழாய் போட்டவர்களுக்கு, பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். தினமும் ரவுண்ட்ஸில் டாக்டரிடம் கேள், இந்தக் குழாய் இன்னும் வேண்டுமா என்று.

அம்மா