அச்சுக்கு முன் யாராவது படிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்காக நாவல்கள் அவசரமாக அச்சுக்குப் போகும் நேரம் இது. என் முதல் நாவலும் போன வருடமே வந்திருக்க வேண்டியது. "டிசம்பருக்குள் கொடுங்கள், பிழையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார் ஒரு பதிப்பாளர். அவர் சொன்னது ஒற்றுப்பிழையை. என் நாவலில் இருந்ததோ வேறு பிழை.

கொடுக்கும் முன் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். உப்பளத்தில் 27 வருடம் வேலை பார்த்தவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்பதால், தினமும் சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு அத்தியாயம் வாசிப்பேன். நாலாம் அத்தியாயத்தில் என் கதாநாயகி கார்த்திகை மாதம் உப்பு வாருகிறாள். அக்கா நிறுத்தச் சொன்னார். "கார்த்திகையில ஏது உப்பு, தங்கச்சி? பாத்தி பூரா மழைத்தண்ணில்ல கெடக்கும். அந்த மூணு மாசமும் வட்டிக்கு வாங்கித்தான கஞ்சி குடிச்சோம்."

தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் ஓய்ந்துவிடும் என்பது தெரியாமல் இல்லை; எழுதும்போது நினைவில் இல்லை. மாதத்தை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அந்த வட்டிக்கடனே ஒரு புது அத்தியாயமாகிவிட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பார். கதை பிடித்துக்கொண்டால் கை நின்றுவிடும். கை நிற்காத பக்கங்களில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். அப்புறம் பார்த்தால், எல்லாம் நான் ரசித்து ரசித்து எழுதிய வர்ணனைகள். 312 பக்கத்தில் 40 பக்கம் போயிற்று. வலிக்கத்தான் செய்தது.

சிநேகிதி ஒருத்தி "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். "எந்த இடத்தில் மூடி வைத்தாய்?" என்று கேட்ட பிறகுதான் பதினோராம் அத்தியாயம் என்றாள்.

2020இல் மறைந்த பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் கைப்பிரதிகளை வரிவரியாகச் செம்மைப்படுத்தியவர் என்று பெயர் பெற்றவர். அப்படி ஒருவர் எல்லாருக்கும் வாய்க்க மாட்டார். ஆனால் நூலகங்களில் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. வெளிவந்த புத்தகங்களுக்குக் கூட்டம் போடுவது சரி. மாதம் ஒரு மாலை, அச்சாகாத கைப்பிரதி ஒன்றை வாசிக்கவும் ஒதுக்கலாமே! எழுதியவர் மறுத்துப் பேசாமல் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பொது நூலகத் துறையின் காதில் இது விழும்படி உங்கள் நாளிதழ் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் நாவல் இந்த டிசம்பருக்கும் வராது. நாலாவது திருத்தம் நடக்கிறது. வட்டிக்கடன் அத்தியாயத்தை அக்கா இன்னும் கேட்கவில்லை.

ஒரு வாசகி,
முத்தையாபுரம், தூத்துக்குடி