சோற்றைக் குறைத்தபின் தட்டில் என்ன?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியை வீட்டில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சர்க்கரை நோய்க்காக டாக்டர் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார், தினமும் என்னத்தைச் சாப்பிடுவது என்று புலம்பியிருக்கிறாய். முதலில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவரிடமே கேள். கீட்டோ என்கிற கடுமையான உணவுமுறை என்றால் நாளுக்கு 20 முதல் 50 கிராம் வரைதான் மாவுச்சத்து. 130 கிராமுக்குள் இருந்தாலே குறைந்த மாவுச்சத்து உணவு என்று சொல்வதுண்டு. ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் இருக்கிறது. மதியம் இரண்டு கப், இரவு இரண்டு கப் என்று போனால் சோறு மட்டுமே 180 ஆகிவிடும். நான் 100 கிராமை ஒட்டி நிற்கிறேன். கீட்டோவெல்லாம் பிடிவாதக்காரர்களுக்கு. எனக்கு நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

சோற்றைப் பாதியாக்கிவிட்டு, தொட்டுக்கொள்ள அதே ரெண்டு ஸ்பூன் காயோடு எழுந்து வந்தால் சாயங்காலம் கை தானாக பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். அதனால் யோசனையைப் புரதத்திலிருந்து தொடங்கு. 'இன்றைக்கு என்ன சமைக்கலாம்' என்று கேட்காமல், 'இன்றைக்குப் புரதம் எது' என்று கேள். நீ கறிமீன் தொடமாட்டாய், முட்டை மட்டும் உண்டு. அப்படியானால் முட்டை, பனீர், டோஃபு, இனிப்பில்லாத தயிர், பருப்பு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. பருப்புதான் ரெட்டை வேஷக்காரன். வேகவைத்த பருப்பு ஒரு கப்பில் 18 கிராம் புரதம் இருக்கிறது, கூடவே 40 கிராம் மாவுச்சத்தும். அதில் 15 கிராம் நார்ச்சத்து என்பது ஆறுதல். ஆனாலும் பருப்பும் சோறும் ஒரே வேளையில் கப் கப்பாக வந்தால் அன்றைய கணக்கு அங்கேயே முடிந்துவிடும். எது அதிகம், எது கொஞ்சம் என்று முன்பே தீர்மானித்துக்கொள்.

புரதம் முடிவானால் மற்றதெல்லாம் சுலபம். கீரை, கோஸ், பீன்ஸ், கத்தரிக்காய், வெள்ளரி என்று பாதித் தட்டை நிரப்பு. உருளையை மட்டும் காய்க் கணக்கில் சேர்க்காதே. எண்ணெய்க்கும் பயப்படாதே. சோறும் போய் எண்ணெயும் போனால் பசி உன்னை விடாது. அதற்காக நிலக்கடலையை டப்பாவோடு மடியில் வைத்துக்கொள்ளவும் கூடாது!

ஏழு நாளைக்கு அட்டவணை போடுகிற வேலையே வேண்டாம். காலைக்கு ரெண்டே வகை, மாற்றி மாற்றி. இரவுக்கு நாலைந்து சமையல் கைவசம் இருந்தால் போதும். இரவு செய்வதைக் கூடுதலாகச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் மதியச் சாப்பாடு தயார். வீட்டுக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று ரெண்டு சமையல் நடந்தால் பத்து நாள்கூடத் தாங்காது. எல்லாருக்கும் ஒரே சமையல், உன் தட்டில் மட்டும் சோறும் காயும் அளவு மாறட்டும்.

சோறு இல்லாத குறை தெரியாமல் இருக்க காலிஃபிளவர் செய்துபார். துருவி, துணியில் போட்டு நன்றாகப் பிழிந்துவிட வேண்டும். அகலமான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் பரப்பிப் போடு. தண்ணீர் விடாதே, மூடாதே. மூடினால் நீர் விட்டுக் கூழாகிவிடும். ஐந்தாறு நிமிஷத்தில் ஓரம் லேசாகச் சிவக்கும்போது உப்பு போட்டு இறக்கு. சோறு மாதிரி இருக்காது, ஆனால் குழம்பைத் தாங்கும்.

முதல் வாரம் எடை மளமளவென்று குறையும். பெருமைப்படாதே, பெரும்பாலும் தண்ணீர்தான். உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரைக்குக் கிளைகோஜன் என்று பெயர்; அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் இருக்கிறது, அது கரைகிறது. கூடவே உப்பும் வெளியேறுவதால் தலைவலி, அசதி வரலாம். எனக்கு உப்பு போட்ட சூப் போதுமானதாக இருந்தது. உனக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் கேட்டுவிட்டுச் செய்.

உன் மைத்துனர் இதுதான் எடை குறைய ஒரே வழி என்று சாதித்தாராமே? 2018-இல் அமெரிக்காவில் 609 பேரை வைத்து ஒரு வருஷம் நடந்த ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் எடை இழப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. உனக்கு இது சர்க்கரைக்காக, அது வேறு கதை.

முக்கியமானது மாத்திரை. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே தொடர்ந்துகொண்டு சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். டாக்டரிடம் பேசி அளவை முடிவு செய்த பிறகே தொடங்கு. அவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. அடுத்த மாதம் அங்கே வருகிறேன். எனக்கென்று தனியாக எதுவும் செய்யச் சொல்லாதே, ஒரு கரண்டி காய் கூடுதலாகப் போட்டால் போதும்.

அன்புடன்,
சேகர்