கட்டு அவிழ்ந்த பிறகு கழித்தல் போடட்டும்

கன்னியாகுமரி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும், தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

42-இல் 17 போனால் 35 என்று எழுதும் பிள்ளை நம் பள்ளிகளில் எந்த இரண்டாம் வகுப்பிலும் இருக்கும். 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2-ஐக் கழித்து 5 என்று எழுதிவிடுகிறது. கூட்டலில் 28-உம் 15-உம் 313 ஆகிவிடுகிறது. இதைக் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துபோக வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு 42 என்பது அடுத்தடுத்து நிற்கும் ஒரு நாலும் ஒரு ரெண்டும்தான். அந்த நாலுக்குள் நாற்பது இருப்பது தெரியாது. ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்று பழக்கினால் விடை வந்துவிடும், ஆனால் நடுவில் ஒரு பூஜ்ஜியம் வந்தவுடன் மறுபடியும் தடுமாறும். கடன் என்ற சொல்லே சரியில்லை. வாங்கியதை இங்கே யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். இனமாற்றக் கணக்கை, அதாவது பத்தை ஒன்றுகளாகவோ ஒன்றுகளைப் பத்தாகவோ மாற்றிச் செய்யும் கூட்டல் கழித்தலை, நோட்டில் எழுதவைக்கும் முன்பு, பிள்ளைகள் தங்கள் கையாலேயே பத்தைக் கட்டவும் அவிழ்க்கவும் நான்கு வாரம் விடுங்கள்.

அதற்கு வேண்டிய பொருள் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கிடக்கிறது. வாரியல் (துடைப்பம்) கட்டுகிற தென்னை ஈர்க்கு போதும். நுனியை விட்டுவிட்டு, தடித்த அடிப்பகுதியை மட்டும் 10 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். இரண்டு பேருக்கு 120 குச்சி என்று வைத்தால், முப்பது பேர் உள்ள வகுப்புக்கு 1,800 வேண்டும். நான்கு ஓலையில் தேறிவிடும். முனைகளை உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் விரலில் குத்தும். பச்சை ஈர்க்கு வேண்டாம். அது காயக் காயச் சுருங்கி, கட்டு தளர்ந்து, குச்சி உருவி விழும். பிள்ளை எண்ணும்போது கட்டில் எட்டோ ஒன்பதோ இருக்கும். மே மாத வெயிலிலேயே காயவைத்துத் தகர டப்பாவில் போட்டுவிட்டால் ஜூன் மழையில் பூஞ்சை பிடிக்காது.

கட்டுவதற்கு ரப்பர் வளையமே நல்லது. வாழைநார் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் ஆறு வயதுப் பிள்ளையால் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. அவிழ்க்க முடியாத பிள்ளை கட்டுக்குள்ளிருந்து மூன்று குச்சியை மட்டும் உருவி எடுக்கும். மீதி ஏழு கட்டாகவே பத்துகள் வைக்கும் இடத்தில் கிடக்கும், பத்து என்றே எண்ணப்படும். பாடம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கட்டில் சரியாகப் பத்து இருக்க வேண்டும், ஒன்று எடுப்பதானாலும் முழுக் கட்டையும் அவிழ்த்து ஒன்றுகள் பக்கம் கொட்ட வேண்டும்: இந்த இரண்டையும் முதல் நாளிலிருந்தே சொல்லிவிடுங்கள்.

எண்ணுவதற்குக் குன்றிமணியும் ரப்பர் கொட்டையும் வேண்டவே வேண்டாம். இரண்டிலும் நஞ்சு இருக்கிறது, பிள்ளைகள் வாயில் போடுவார்கள்.

ஒரு பழைய காலண்டர் தாளை மடித்துக் கோடு போட்டால் குச்சி வைக்கும் விரிப்பு தயார்: இடப்பக்கம் பத்துகள், வலப்பக்கம் ஒன்றுகள். 42-க்கு நான்கு கட்டு, இரண்டு குச்சி. ‘ஏழு குச்சி கொடு’ என்று கேளுங்கள். பிள்ளை இரண்டைப் பார்த்துவிட்டுத் திகைக்கும். பொறுங்கள், சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒரு கட்டு அவிழ்ந்து, மூன்று கட்டும் பன்னிரண்டு குச்சியும் ஆனதும் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இப்ப மொத்தம் எத்தனை?’ எண்ணாமலே ‘நாற்பத்திரண்டுதான்’ என்று சொன்னால் அந்தப் பிள்ளை தயார். முதலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தால் இன்னும் சில நாள் வேண்டும். எழுத்துத் தேர்வு எதிலும் தெரியாத விஷயம் இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். பிறகு ஏழை எடுத்தால் ஐந்து, ஒரு கட்டை எடுத்தால் இரண்டு கட்டு, 25. நான்கை அடித்து மூன்று எழுதுவதும், இரண்டைப் பன்னிரண்டாக்குவதும் இதற்குப் பிறகுதான். அப்போதும் குச்சி ஒருமுறை நகர, பென்சில் ஒருமுறை நகர, இரண்டும் சேர்ந்தே போகட்டும்.

குச்சியால் கூட்டும்போது பிள்ளைகள் பத்துகளிலிருந்து தொடங்குவார்கள். தடுக்க வேண்டாம், விடை மாறாது. வலமிருந்து இடம் என்ற ஒழுங்கு எழுதும்போது வந்தால் போதும்.

நூறு வரை போகும் ஆட்டம் பல வகுப்புகளில் நடக்கிறது: ஆறு சோழியைக் குலுக்கிப் போட்டு, மல்லாந்து விழுந்த அளவுக்குக் குச்சி எடுத்து, பத்து சேர்ந்ததும் கட்டுவது. நல்லது. ஆனால் நூறிலிருந்து பூஜ்ஜியத்துக்கு இறங்கும் ஆட்டத்தை யாரும் ஆடவைப்பதில்லை. கழித்தலைக் கற்றுத்தருவது அந்த இறக்கம்தான். ஒரே ஓர் ஆட்டத்துக்கு நேரம் இருந்தாலும் இறக்கத்தையே ஆடவையுங்கள்.

பத்தும் ஒன்றாக ஒட்டிய பத்துக்கோலும் மணிச்சட்டமும் ரூபாய் நாணயமும் பிறகு வரட்டும். கோலைப் பிரிக்க முடியாது. பத்து ரூபாய் நாணயம் ஒரு ரூபாயைப்போலப் பத்து மடங்கு பெரிதாகவும் இல்லை. அவிழ்த்துப் பார்த்த கைக்குத்தான் அவற்றின் பொருள் புரியும்.

மூன்றாம் வகுப்பில் 302-இல் 145. பத்துக் கட்டுகளைச் சேர்த்த பெரிய கட்டு மூன்று, தனிக் குச்சி இரண்டு. பெரிய கட்டு ஒன்றை அவிழ்த்தால் பத்துச் சிறு கட்டு. அதில் ஒன்றை அவிழ்த்தால் ஒன்பது கட்டு, பன்னிரண்டு குச்சி. விடை 157. 167 என்று எழுதும் பிள்ளை, இரண்டாவது அவிழ்ப்புக்குப் பிறகும் பத்துகளைப் பத்தாகவே வைத்திருக்கிறது. குச்சியில் செய்தால் அந்தத் தவறு கண்முன்னே தெரியும்.

எண்ணுப்பெயர்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பதினொன்று, பதின்மூன்று எல்லாம் பத்தை முன்னால் சொல்வதால் நமக்கு வசதி. ஆனால் தொண்ணூற்றில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. மலையாளத்திலும் அப்படியே என்பதால் கேரள எல்லையில் உள்ள விளவங்கோட்டுப் பிள்ளைகளுக்கும் இதே குழப்பம். நூற்றிரண்டை 1002 என்று எழுதுவது காதில் விழுந்ததை அப்படியே எழுதுவதுதான். பழைய தமிழ் எண்ணில் 42-ஐ ௪௰௨ என்று எழுதினார்கள், நாலு-பத்து-ரெண்டு. பத்து அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. இன்றைய முறையில் அது இடத்துக்குள் மறைந்துவிட்டது. அதற்கு அடுக்கு அட்டை உதவும்: நூறுகளுக்கு 15 செ.மீ., பத்துகளுக்கு 10, ஒன்றுகளுக்கு 5 நீளத்தில் ஒன்பது ஒன்பதாக 27 அட்டை. 100 அட்டையின் வலது ஓரத்தில் 2-ஐப் பொருத்தினால் 102. பழைய கல்யாண அழைப்பிதழ் அட்டையே போதும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆசிரியர்களே 302-இல் 145-ஐக் குச்சியால் கழித்துப் பார்க்கட்டும். 2022-23-இல் தொடங்கிய அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புகளைப் பார்வையிடும்போது, நோட்டில் எத்தனை கணக்கு இருக்கிறது என்று எண்ணுவதற்குப் பதிலாக ஒரு பிள்ளையை அழைத்துக் கட்டை அவிழ்க்கச் சொல்லி, ‘இப்ப மொத்தம் எத்தனை?’ என்று கேளுங்கள். நோட்டு வெறுமையாக இருக்கும் அந்த நான்கு வாரத்துக்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்க மாட்டோம் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்டத் தொடக்க வகுப்புக் கணித ஆசிரியர்கள் சிலர்