கடல் கலங்கல்தான், பயணம் வீணில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த பினாங்குப் பயணக் கட்டுரையைப் படித்தேன். தீவின் வடகரையில் இருக்கும் பத்து பெரிங்கியில் கடல் கலங்கிக் கிடக்கிறது, ஜெட் ஸ்கீ இரைச்சல் காதைப் பிளக்கிறது, நீந்த ஆசையென்றால் கிழக்குக்கரையில் இருக்கும் ரெடாங் தீவுக்குப் போங்கள், பழைய ஊரைப் பார்க்க ஆசையென்றால் ஜார்ஜ்டவுனிலேயே அறை எடுங்கள், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். பத்து பெரிங்கி விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் நின்றே தலை நரைத்தவன் நான். இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கலங்கல் என்பது உண்மைதான். மலாக்கா நீரிணை குறுகலானது, ஆழமும் அதிகமில்லை. கெடா பக்கத்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல் இந்தக் கடலை விட்டு எங்கே போகும்? ஆனால் ரெடாங்குக்குப் போகச் சொன்னவர், எப்போது போவது என்பதைச் சொல்லவில்லை. கிழக்குக்கரைத் தீவுகளில் நவம்பர் பிறந்ததும் வடகிழக்குப் பருவக்காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலான விடுதிகள் பிப்ரவரி வரை கதவைச் சாத்திவிடுகின்றன. டிசம்பரில் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைத்த கோலாலம்பூர்க் குடும்பம் அங்கே போய் என்ன செய்யும்? அதே மாதங்களில் தித்திவங்சா மலைத்தொடர் அந்தக் காற்றுக்குக் குறுக்கே நிற்பதால், பினாங்குக் கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். இங்கே மழை வலுப்பது செப்டம்பரிலும் அக்டோபரிலும். ஜனவரி, பிப்ரவரி நல்ல வெயில்.

எங்கள் விடுதிக்கு வரும் குடும்பங்கள் செய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பசியாறிவிட்டுப் பத்து மணிக்கு மணலில் இறங்குவார்கள். பதினொரு மணிக்கு வெயில் தாங்காமல் திரும்புவார்கள். பிறகு காரை எடுத்துக்கொண்டு பேரங்காடிக்குப் போவார்கள். கோலாலம்பூரில் இல்லாத பேரங்காடியா? மாலையில் களைத்து வந்து படுத்துவிடுவார்கள். மறுநாள் கணக்குத் தீர்க்கும்போது, கடல் அவ்வளவு நன்றாக இல்லை என்று என்னிடம் குறை சொல்வார்கள். கடலைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவர்கள் அங்கே இருந்ததே இல்லை. விடிந்து ஒரு மணி நேரமும், ஐந்து மணிக்குப் பிறகு இருட்டும் வரையும்தான் இந்தக் கரைக்கு உரிய பொழுது. ஜெட் ஸ்கீக்காரர்கள் வரும் முன் மணலில் கால் பதிய நடந்தால், நீர் வற்றிய நேரத்தில் நண்டுகள் மணலைச் சலித்து இரை தின்று உருட்டிப் போட்ட மணல் உருண்டைகள் ரவை உருண்டை கொட்டியதுபோலக் கிடக்கும். பிள்ளைகள் அதைவிட்டு நகரமாட்டார்கள்.

இடையில் இருக்கும் நேரம் ஊருக்கு. ஊரும் கடலும் தனித்தனிச் சுற்றுலா என்று கட்டுரையாளர் நினைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. கடல் இல்லையென்றால் ஜார்ஜ்டவுனே இல்லை. 1786 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் கொடி ஏற்றிய முனையில்தான் இன்று கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கிறது. பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டு, அந்த ஆசையில் ஆட்களைக் காடு வெட்ட வைத்தார் என்று ஒரு கதை உண்டு. வழிகாட்டிகள் சளைக்காமல் சொல்வார்கள், கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதன் பிறகு இந்த ஊரின் சாலைகளிலும் கட்டடங்களிலும் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் வெள்ளைத் தூண்களுக்குக் கீழே நின்று படம் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு அதையாவது சொல்லலாம்.

கோட்டை மதிலில் கடலைப் பார்த்தபடி இருக்கும் செரி ரம்பாய் பீரங்கியைத் தவறவிடாதீர்கள். 1603ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று கைமாறிக் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தது. அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொண்டால் குழந்தை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை இந்த ஊரில் நெடுநாளாக உண்டு.

ஊரில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: குயின் தெரு மாரியம்மன் கோயில். 1833இல் எழுந்தது, தீவின் மிகப் பழைய இந்துக் கோயில். காலைப் பூசைக்குப் போனால் வெயிலும் இருக்காது, கூட்டமும் இருக்காது. அங்கிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நடை தூரம்தான். இந்திய முஸ்லிம்கள் 1801இல் அடித்தளம் இட்டது. சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவர் அடங்கியிருப்பது தமிழ்நாட்டில். கடல் கடந்து வந்தவர்கள் அவர் பெயரால் இங்கேயும் ஒரு தர்கா கட்டி வைத்தார்கள். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அதைப் பார்க்காமலே கடந்துபோகிறார்கள். அவர்கள் தேடிப் போவது ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் ஓவியத்தை. 2012இல் ஒரு லித்துவேனிய ஓவியர் வரைந்தது, அழகானதுதான். அதற்கு முன்னால் வரிசையில் நிற்கும் நேரத்தில் மேற்சொன்ன மூன்றையும் பார்த்துவிட்டு சோறும் கறியுமான நாசி கண்டாரும் சாப்பிட்டு முடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

கடலில் போக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் ஜெட் ஸ்கீக்குப் பணம் அழ வேண்டாம். ஜார்ஜ்டவுனின் வெல்ட் கீ படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு ஃபெரி இருக்கிறது. இன்னும் சொன்னால், கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் இடிஎஸ் என்னும் மின்சார ரயிலில் பட்டர்வொர்த் வந்து, பக்கத்திலேயே இருக்கும் துறையில் ஃபெரி ஏறி ஊருக்குள் நுழைவதுதான் பினாங்குக்கு வரும் முறை என்பேன். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர் என்று ஓடியது. நம்மில் எத்தனை வீடுகளில் பாட்டனும் பாட்டியும் அதில் வந்தவர்கள்! அவர்கள் முதலில் கண்ட இந்தத் தீவை, அவர்களைப் போலவே கடல்மேலிருந்து பேரப்பிள்ளைகளும் பார்க்கட்டும். காரில்தான் வருவோம் என்பவர்கள், முதலாம் பாலத்தில் தீவை நோக்கி வரும்போது இடப்புறம் பாருங்கள். தண்ணீரில் பச்சைத் திட்டாகத் தெரிவது ஜெரெஜாக் தீவு. நோய்த் தடுப்புக்காகக் குடியேறிகளை ஒதுக்கி வைத்திருந்த இடம் அது.

மறுநாளை, பத்து பெரிங்கிக்கு அப்பால் இருக்கும் தெலுக் பஹாங்குக்குக் கொடுக்கலாம். சாலை முடியும் இடத்தில் பினாங்கு தேசியப் பூங்கா. 2003இல் அறிவிக்கப்பட்டது, நாட்டின் தேசியப் பூங்காக்களில் மிகச் சிறியது. வாசலில் பெயர் பதிந்துவிட்டுக் காட்டுப் பாதையில் ஏறி இறங்கினால், ஒன்றரை மணி நேரத்தில் கெராச்சுட் கடற்கரை. அங்கே ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. பக்கத்தில் ஓர் ஏரி: கடல்நீர் அடியிலும் நன்னீர் மேலேயுமாக ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். வறண்ட மாதங்களில் வெறும் சேறாகக் கிடக்கும் என்பதால் மழைக்குப் பிறகு போவது நல்லது. நடக்க முடியாதவர்களுக்குப் படகு உண்டு. ஏறும் முன்பே போக வர எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். கையில் தின்பண்டப் பை தொங்கவிடாதீர்கள், குரங்குகள் கண்ணிமைக்கும் நேரத்தில் பறித்துவிடும். கெராச்சுட்டில் கடலில் இறங்கவே வேண்டாம், ஜெல்லி மீன் இருக்கிறது. கொட்டிவிட்டால் குடிநீர் ஊற்றித் தேய்க்காமல் வினிகர் ஊற்றி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மாசி மகத்தையொட்டி வருபவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயில் விழாவில் அம்மன் தேர் கடலில் மிதக்கும், பக்தர்கள் விளக்கேற்றி அலையில் விடுவார்கள். கலங்கிய கடல் என்று அன்றைக்கு யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். வார இறுதிப் பதிப்பில் வானிலை போடும் இடத்தில் பினாங்குக் கடல் ஏறி வற்றும் ஓத நேரத்தையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். நீர் வற்றிய நேரத்தில் வந்து சேற்றைப் பார்த்துத் திரும்புபவர்கள் பலர். அடுத்தது, பத்து பெரிங்கியில் தங்கினால் ஊருக்குப் போக டாக்சியை விட்டால் வழியில்லை என்று கட்டுரையில் வந்த வரியைத் திருத்தி வெளியிட வேண்டும். தெலுக் பஹாங்கிலிருந்து பத்து பெரிங்கி வழியாக, ஊர் நடுவில் இருக்கும் கொம்தார் கோபுரத்தைத் தொட்டு, வெல்ட் கீ படகுத்துறை வரை ரேபிட் பினாங்கின் 101ஆம் எண் பஸ் ஓடுகிறது. ஊருக்குப் போகும்போது இடப்புறச் சன்னலோரம் உட்கார்ந்தால் தஞ்சோங் பூங்கா மிதக்கும் பள்ளிவாசல் வரை கடல் கூடவே வரும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விடுதி ஊழியர்,
தஞ்சோங் பூங்கா, பினாங்கு