அரைப் பென்னி ரேட்டும் கால் பென்னி கூலியும்

அன்புள்ள ராசு,

உன் கடிதம் வந்து எத்தனை நாளாச்சு என்று கணக்குப் பார்க்காதே. பார்ப்பாய், தெரியும். சரக்கை எடுக்கத் தாமதித்தவர்களுக்கு டெமரேஜ் அபராதம் போட்டே பழகின கை. இங்கே மகள் வீட்டில் எல்லாரும் சௌக்கியம். பேத்தி என்னிடம் தமிழில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். முழங்கால் பழையபடிதான். குசலம் இவ்வளவு போதும்.

சின்னவன் டிப்பர் லாரிக்குப் போகிறான், மாசச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லி லோடுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டான், அதில்தான் வருமானம் ஜாஸ்தி என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நேராக எழுத வரவில்லை. இந்த ஊர் ரயில் கதையைச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன். வெல்ல மூட்டை விவகாரத்தில் நீ எழுதின விளக்கத்தைவிட இது சின்னதுதான், பொறுத்துக்கொள்.

நான் இருப்பது வட இங்கிலாந்தில் டார்லிங்டன். 1825 செப்டம்பர் 27 அன்று பொறியாளர் ஸ்டீவன்சனின் லோகோமோஷன் என்ற நீராவி இஞ்சின் வண்டித்தொடரை இழுத்துக்கொண்டு ஸ்டாக்டன் துறைமுகத்துக்குப் போனது இந்த வழியாகத்தான். முன்னால் ஒருவன் குதிரைமேல் கொடி பிடித்துப் போயிருக்கிறான். இந்தப் பாதைக்காக 1821இல் வந்த சட்டத்தில் ‘ரயில்வே அல்லது டிராம்ரோடு’ என்று இரண்டையும் எழுதி வைத்திருந்தார்கள். இஞ்சின் பற்றி அதில் பேச்சே இல்லை. அதற்கு அனுமதி வாங்க 1823இல் இன்னொரு சட்டம் போடவேண்டியிருந்தது.

இனிமேல் வருவது உனக்குப் பிடித்த இடம். ரேட்டு! உள்ளூரில் விற்கிற நிலக்கரிக்கு டன்னுக்கு மைலுக்கு 4 பென்னி வரை வாங்கலாம். கப்பலில் ஏற்றி வெளியே அனுப்பும் கரிக்கு அரைப் பென்னிதான். ஏன் இந்த ஓரவஞ்சனை என்கிறாயா? வியர் ஆற்றங்கரைச் சுரங்க முதலாளிகள் அதுவரை லண்டனுக்குக் கரி அனுப்பிக் கொழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் ஜான் ஜார்ஜ் லாம்ப்டன். புதுப் பாதை வந்தால் போட்டி வந்துவிடும். பாதையைத் தடுக்க முடியாவிட்டால் ரேட்டை நசுக்கிவிடுவோம், அரைப் பென்னிக்கு எவன் ஓட்டுவான் என்று கணக்குப் போட்டார்கள். பாதை போட்ட கம்பெனிக்காரர்களுக்கும் வேறு வழியில்லை, ஒத்துக்கொண்டார்கள்.

பழக்கதோஷம், நானும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 25 மைலுக்கு 4 பென்னி என்றால் டன்னுக்கு 100 பென்னி, அதாவது 8 ஷில்லிங் 4 பென்னி (12 பென்னி ஒரு ஷில்லிங்). அரைப் பென்னி என்றால் அதே தூரத்துக்கு வெறும் பன்னிரண்டரை பென்னி. எட்டில் ஒரு பங்கு. நம்ம ஆபீஸ் பெரியவராக இருந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருப்பார்.

நடந்தது நேர்மாறு. 1826 ஜனவரியில் ஸ்டாக்டன் துறையில் முதல் ஏற்றுமேடை திறந்தது. வேகனைக் கப்பலுக்கு மேலே கொண்டுபோய் அடிப்பலகையைத் திறந்தால் கரி நேரே உள்ளே விழும். 1827 ஜூனோடு முடிந்த வருஷத்தில் கப்பலுக்குப் போனது சுமார் 18,500 டன். அடுத்த வருஷம் 52,000 டன்னுக்கு மேல், மொத்தச் சரக்கில் கிட்டத்தட்ட பாதி. ஸ்டாக்டனில் 18 ஷில்லிங் விற்ற கரி 1827 தொடக்கத்தில் எட்டரை ஷில்லிங்குக்கு வந்துவிட்டது. லாம்ப்டன் வகையறா கழுத்தை நெரிக்கப் போட்ட ரேட்டுதான் கம்பெனிக்குச் சோறு போட்டது. நம் ரேட் செக்‌ஷன்காரர்களுக்கு இதை யாராவது படித்துக் காட்டியிருக்கவேண்டும்.

பாதையில் நடந்த கூத்து தனி. சுங்கம் கட்டினால் யார் வேண்டுமானாலும் வண்டி ஓட்டலாம். ஒற்றைப் பாதை, மைலுக்கு நாலு இடத்தில் ஒதுங்குதடம். ஒரு பக்கம் இஞ்சின், ஒரு பக்கம் குதிரை. இரண்டு ஒதுங்குதடங்களுக்கு நடுவே ஒரு கம்பம். அதை முதலில் தாண்டினவனுக்கு வழி, மற்றவன் பின்வாங்கவேண்டும். இஞ்சினுக்குக் குதிரை வழிவிடவேண்டும் என்றும் விதி. விதி இருந்து என்ன, குடித்துவிட்டு வண்டியைப் பாதையிலேயே விட்டுப் போன குதிரைக்காரர்களும் உண்டு.

இப்போது உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் இஞ்சின் டிரைவர்களுக்கு நாள் கூலி. 1826 பிப்ரவரிக்குப் பிறகு டன்னுக்கு மைலுக்கு கால் பென்னி. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா, ஓட்டினால் காசு. ஆனால் அந்தக் கால் பென்னியிலிருந்துதான் அடுப்புக்குக் கரி போடுகிற ஃபயர்மேன் கூலியும் கொடுக்கவேண்டும், இஞ்சினுக்குக் கரியும் வாங்கவேண்டும். நின்றால் நஷ்டம், ஆவி வீணானாலும் நஷ்டம், எல்லாம் அவன் கையிலிருந்து.

லோகோமோஷனை இங்கே பக்கத்தில் ஷில்டன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. டிரைவருக்குக் கூரை கிடையாது, தடுப்பு கிடையாது. பாய்லரை ஒட்டினாற்போல் ஒரு குறுகலான பலகை, அதில் நின்றபடிதான் ஓட்டவேண்டும். சிலிண்டர்கள் பாய்லருக்குள்ளேயே செங்குத்தாக இறங்கியிருக்க, மேலே நெம்புகோல்களும் கம்பிகளும் வெட்டுக்கிளிக் கால்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன. 1828இல் இந்த இஞ்சினின் பாய்லர்தான் அய்க்ளிஃப் லேனில் வெடித்தது. டிரைவர் ஜான் க்ரீ செத்துப்போனார். அதே வருஷம் இன்னொரு இஞ்சினும் அப்படியே வெடித்தது, அங்கேயும் ஒரு சாவு. இரண்டிலும் காரணம் ஒன்றுதான். இஞ்சின் நின்றுகொண்டிருந்தபோது, மிஞ்சின ஆவியை வெளியே விடுகிற சேஃப்டி வால்வு திறக்கமுடியாதபடி அழுத்திக் கட்டப்பட்டிருந்தது.

ஏன் கட்டினார்கள் என்று நான் சொல்வது என் ஊகம்தான். வால்வு திறந்தால் ஆவி போகும், ஆவி போனால் கரி போகும், கரி அவன் காசு. மறுபடி கிளம்ப ஆவி ஏறும்வரை காத்திருந்தால் நேரமும் அவன் காசு. அந்த மனுஷனை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை ராசு. கூலி போட்ட விதம் அவன் கையை வால்வு மேல் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

ஐம்பது வருஷம் கழித்துத் தெருவில் நீராவி டிராம் விட்டபோது இந்த நாட்டுக்காரர்கள் கொஞ்சம் விவரமாகிவிட்டார்கள். 1879இல் சட்டம் வந்தது, அரசாங்கத்தின் வர்த்தக வாரியம் விதிகள் போட்டது. புகையும் ஆவியும் கண்ணில் படக்கூடாது, சக்கரமும் கம்பியும் வெளியே தெரியாதபடி மூடவேண்டும், மணி அடிக்கவேண்டும். வேகம் மணிக்கு 10 மைலை எட்டினால் ஆவியைத் தானே அடைத்து நிறுத்த கவர்னர் என்று ஒரு கருவி. விஸ்பெக்கிலிருந்து அப்வெல்லுக்கு 1883-84இல் திறந்த டிராம்பாதையில் பழமும் உருளைக்கிழங்கும் ஏற்றிப்போன இஞ்சின்களுக்கு மரப்பெட்டி உடம்பு, பக்கத்தில் பாவாடை மாதிரித் தகடு, மணிக்கு 8 மைல் வேகம். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கவர்னர் டிரைவரின் அவசரத்தைக் கேட்காது. அதுதான் எனக்குப் பிடித்தது. நம் ஊர் லாரிகளிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்திருக்கிறார்கள், அதன் வயரைப் பிடுங்கிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நீயே எனக்குச் சொன்னதுதான்.

பையன் கெட்டிக்காரன், நன்றாக ஓட்டுவான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நாலு லோடு அடிக்கிற இடத்தில் ஆறு அடித்தால் காசு என்று சொல்லி ஒரு ஆளை ஸ்டியரிங்கில் உட்காரவைத்தால் தூக்கத்தை எங்கே வெட்டுவான்? பிரேக் பார்க்கிற நேரத்தை எங்கே வெட்டுவான்? முதலாளியிடம் பேசி, பாதியாவது மாசச் சம்பளமாக வாங்கச் சொல். வருமானம் கொஞ்சம் குறையும், குறையட்டும். உனக்குப் பென்ஷன் வருகிறது, அவன் சம்பாதித்துத்தான் நாளைக்கு உலை வைக்கவேண்டும் என்றில்லை. நான் சொன்னால் கேட்பான் என்று தங்கச்சி முன்பு சொல்லியிருக்கிறாள். அவன் நம்பரை அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். உபதேசம் பண்ணமாட்டேன், ஜான் க்ரீ கதையை மட்டும் சொல்கிறேன்.

சரி, மகள் சாப்பிடக் கூப்பிடுகிறாள். கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. அப்புறம், அந்த லாரிக்கு டீசல் யார் கணக்கு, டயர் யார் கணக்கு என்று அவனிடம் கேட்டு எழுது. அவன் கணக்கு என்றால் ஞாயிறு வரை காத்திருக்கமாட்டேன், அன்றைக்கே போன் போடுவேன்.

உன்
சிவா