ஈரக் கைக்கும் பொத்தான் வேலை செய்யட்டும்

மொபைல் ஆப் வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். தமிழக எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கம் இருக்கும் கம்பம்மெட்டில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். காலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள், சாயங்காலம் திரும்பும்போது என்னிடம் போனை நீட்டுவார்கள். "தம்பி, கூலி ஏறிருச்சான்னு பாரு." எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வரிவிடாமல் பேப்பர் படிப்பவர்களும் இதில் உண்டு.

டச் ஸ்கிரீனுக்கு அழுத்தம் தெரியாது. விரல் பட்டதும் மின்புலத்தில் உண்டாகும் மாற்றம்தான் தெரியும். மழைத்துளி விழுந்தாலும் அப்படியே ஏமாறும். காய்ப்பேறி வறண்ட விரலையோ சில நேரம் கண்டுகொள்வதே இல்லை. போன வாரம் ஒரு அக்கா, பொத்தான் கேட்கவில்லை என்று விரலை எடுக்காமல் அமுக்கிப் பிடித்தார். ஆப் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு, வேறேதோ மெனுவைத் திறந்தது. அதை மூடப் போனால் ஒட்டினாற்போல் 'ரத்து'! எல்லாம் முதலிலிருந்து.

ஆண்ட்ராய்டில் ஒரு பொத்தான் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று கூகுள் சொல்லும் அளவு 48 டிபி (திரையில் அளக்கும் அலகு), ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். ஆப்பிள் தன் அலகில் 44 பாயின்ட் என்கிறது. மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வகுத்த டபிள்யூசிஏஜி விதிகளில் 2023-ல் வந்த 2.2 பதிப்போ, மூன்று நிலைகளில் இரண்டாவதில் 24 பிக்சலோடு விட்டுவிடுகிறது. ஏசி ரூமில் உட்கார்ந்து தொடுபவருக்கு அது போதும். இடுக்கி மழையில் போதாது. பொத்தானைப் பெரிதாக்கினால் மட்டும் ஆகாது, பணம் அனுப்புவதையும் ரத்தையும் தள்ளித் தள்ளி வையுங்கள். நீண்ட அழுத்தத்தில் முக்கியமான எதையும் ஒளித்து வைக்காதீர்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழை அடைத்து 'உறுதிப்…' என்று பாதியில் வெட்டுவதையும் நிறுத்துங்கள்.

மொழி விஷயம் இன்னும் கொடுமை. கேரளத்தில் இருக்கிறோம் என்று தெரிந்ததும் ஒரு ஆப் மலையாளத்தில் திறக்கிறது. இவர்கள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், படிக்க வராது. தமிழுக்கு மாற்றும் இடமோ மூன்று மெனுவுக்கு உள்ளே, அதுவும் மலையாளத்திலேயே! முதல் திரையிலேயே 'தமிழ்' என்று தமிழ் எழுத்தில் போட என்ன செலவாகிவிடும்?

ஜூலையில் ஒருமுறை வாருங்கள். ஜீப் இறங்கும் நேரத்தில் உங்கள் ஆப்பை நாலு பேர் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நில்லுங்கள். எங்கே தொட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. டீ என் செலவு.

இப்படிக்கு,
கம்பம்மெட்டு ரீசார்ஜ் கடைக்காரன்